தீனி நேரத்துக் குரல்

"மொதல்ல அந்த ஸ்பீக்கரை நிறுத்துங்க. எனக்கே தலை வலிக்குது, கோழிக்கு வலிக்காதா?"

கால்நடை டாக்டர் சுவாதி காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற ரோட்டில் இளையபெருமாளின் முட்டைக் கோழிப் பண்ணை. தகரக் கொட்டகைக்குள் வரிசை வரிசையாகக் கூண்டுகள், அதில் இரண்டாயிரம் கோழிகள். நடுவில் தொங்கிய ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஆண்குரல் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"பா... பா... பா... வந்துட்டேன், வந்துட்டேன். இன்னா அவசரம் உனுக்கு?"

இளையபெருமாள் தலையைச் சொறிந்தார். "அத அப்புறம் பாத்துக்கலாம் டாக்டரம்மா. ஒண்ண ஒண்ணு கொத்திக்கினு சாவுதுங்க. ஒரே வாரத்துல அம்பது போயிடுச்சு. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

இதற்கு டாக்டரே தேவையில்லை, கண் இருந்தால் போதும். மூன்று கோழி இருக்கவேண்டிய கூண்டில் ஐந்து இருந்தன. இறக்கையை விரிப்பது இருக்கட்டும், திரும்பி நிற்கக்கூட இடமில்லை. முதுகில் இறகு போய் ரத்தம் கசிய ஒன்று மூலையில் ஒடுங்கிக் கிடக்க, மற்ற நாலும் அதையே கொத்திக்கொண்டிருந்தன.

"இதுங்களுக்கு எத்தனை வாரம்?"

"நாப்பது."

"வந்த நாள்லேர்ந்து திண்டிவனம் பஸ்ஸுல நிக்கிற மாதிரி நிக்க வெச்சிருக்கீங்க. எனக்கா இருந்தாலும் பக்கத்துல நிக்கிறவனைக் கடிக்கத்தான் தோணும்."

சுவாதி தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். கூண்டுக்கு மூன்று கோழிதான். வெளிச்சத்தைக் குறைக்கவேண்டும். காற்று வர இரண்டு பக்கமும் திறந்துவிடவேண்டும். நாலாவதாக, ஸ்பீக்கரைக் கழற்றவேண்டும். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினாள்.

"அது மட்டும் வாணாம் டாக்டரம்மா."

தீனி வாளியோடு ஓரமாக நின்ற ஜெயக்கொடிதான் பேசினாள். பண்ணையில் வேலை பார்ப்பவள் அவள் ஒருத்திதான். ஐம்பது வயதிருக்கும். புடவைக்கு மேலே சாயம்போன நீலச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள்.

"ஏம்மா?"

"எங்க வூட்டுக்காரரு கொரலு அது. தங்கராஜுன்னு பேரு. அவருதான் இங்க தீனி வெப்பாரு. ஆஸ்பத்திரியில படுத்தப்ப, புது ஆளப் பாத்தா கோழிங்க பயந்து ஒண்ணு மேல ஒண்ணு வுழும்னு, போன்ல பேசி அனுப்புனாரு. தீனி வெக்கும்போது இத்தப் போட்டு வுடுன்னாரு."

"இப்ப எப்படி இருக்கார்?"

"திரும்பி வரல."

சுவாதி கையிலிருந்த தாளைத் தாழ்த்தினாள்.

"அவரு போனப்ப மூணு நாளு சோறு தண்ணி எறங்காம கெடந்துதுங்க. நாலாம் நாளு மொதலாளிதான் ஸ்பீக்கர வாங்கியாந்து கட்டி, அந்தக் கொரலப் போட்டாரு. அப்பறந்தான் தின்ன ஆரம்பிச்சுதுங்க. இப்ப நிறுத்துனா மறுபடியும் பட்டினி கெடக்கும்மா."

இளையபெருமாள் தூரத்தில் தெரிந்த கோட்டை மலையை இன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவாதிக்கு மனசு இளகியது. ஆனாலும் படித்த படிப்பு விடவில்லை. "பழகின குரல் கோழிக்குத் தைரியம்தான், இல்லேங்கல. ஆனா இவ்ளோ சத்தம் ஆகாது. ஒரே ஒரு தடவை நிறுத்திட்டு வெச்சுப் பாப்போம். சாப்பிடலன்னா மறுபடியும் போட்டுக்கலாம்."

ஜெயக்கொடி முதலாளியைப் பார்த்தாள். அவர் குனிந்த தலையோடு போய் ஸ்விட்சை அணைத்தார்.

அவள் வரிசையாகத் தீனியைக் கொட்டிக்கொண்டே போனாள். கோழிகள் கழுத்தை நீட்டின. முட்டி மோதிக்கொண்டு தின்றன. ஒன்றுகூடத் தலையைத் தூக்கி ஸ்பீக்கர் பக்கம் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா? நல்லாத்தானே சாப்பிடுது!"

ஜெயக்கொடி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொட்டகையை ஒட்டியிருந்த தன் அறைக்குப் போனாள். இரண்டாயிரம் உயிர்கள் நெருக்கியடித்துக் கிடந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி, ஒரு பாயும் ஒரு தட்டுமாக ஒற்றை ஆள் இருக்கும் அறை. மூடி வைத்திருந்த மத்தியானச் சோற்றுக்குப் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தாள். மூடியைத் திறக்கவில்லை.

சுவாதி ஸ்கூட்டருக்கு வந்து தாளை நீட்டினாள். இளையபெருமாள் அதை இரண்டு தடவை படித்தார்.

"மொத மூணையும் நாளைக்கே பண்ணிடறேன் டாக்டரம்மா. நாலாவத மட்டும் அடிச்சுடுங்க. சத்தம் ஆவாதுன்னா, ஸ்பீக்கர அவ ரூம் பக்கமா திருப்பிக் கட்டிடறேன்."

"ரூம் பக்கமா? கோழிங்க இந்தப் பக்கம்ல இருக்கு?"

அவர் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கராஜு போயி மூணு வருசம் ஆவுது. அவன் தீனி வெச்ச கோழிங்க எல்லாம் எப்பவோ லாரி ஏறிடுச்சு. இதுங்க வந்தது போன தை மாசம்."

"அப்போ, மூணு நாள் சோறு தண்ணி இல்லாம கிடந்தது?"

"அது கோழிங்க இல்ல டாக்டரம்மா."