பத்துக்குப் பத்து

“பூச்சிமருந்து அடிக்கிறப்போ போட்ட துணியை எப்படித் துவைக்கணும் தம்பி?”

வேளாண் அதிகாரியம்மா கேள்வித்தாளைப் பார்த்துக் கேட்டார். குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த இளம் விவசாயி நிமிராமலே பதில் சொன்னான்.

“வீட்டுத் துணியோட சேர்க்கக் கூடாது. தனி வாளி வேணும். கையுறை போட்டுக்கணும். கையில காயம் இருந்தா தொடவே கூடாது.”

சொன்னபடியே செய்துகொண்டும் இருந்தான்.

“அடேங்கப்பா, பத்துக்குப் பத்து! இந்த ஊர்ல ஆம்பளைங்க எல்லாரும் டாண்னு பதில் சொல்றாங்க. பொம்பளைங்கதான் திருதிருன்னு முழிக்கிறாங்க. ஆனா தன் சட்டையைத் தானே துவைக்கிற ஆம்பளையை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். உங்க வீட்டம்மா கொடுத்து வச்சவங்க!”

அவன் காலரை இன்னொரு தரம் தேய்த்தான்.

“அவங்களையும் கூப்பிடுங்க. அவங்களுக்கும் இதே பத்துக் கேள்விதான்.”

“அவ செத்து எட்டு மாசமாச்சு மேடம். முதுகுல மாட்டியிருந்த மருந்து டேங்க் கசிஞ்சு என் சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. வெறுங்கையால துவைச்சா. விரல்ல அருவாள் வெட்டு இருந்துச்சு.”

அதிகாரியம்மாவின் பேனா நின்றது.

“ஐயோ... அதுக்கப்புறம்தான் இதையெல்லாம் கத்துக்கிட்டீங்களா?”

அவன் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டான். கையுறைகளைக் கழற்றி அதன் பக்கத்தில் தொங்கவிட்டான்.

“இல்லீங்க. போன வருஷம் உங்க ஆபீஸ் நடத்துன மருந்து வகுப்புலயும் நான்தான் பத்துக்குப் பத்து. இந்தக் கையுறை அதுக்குக் கொடுத்த பரிசு. வீட்டுக்கு வந்து அவகிட்ட ஒண்ணும் சொல்லலை. புதுசு அழுக்காயிடுமேன்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்.”