வாசலுக்கு ஓர் அம்புக்குறி

மருத்துவமனை அலுவலகத்தில் அவர் நீட்டிய புகாரைக் குமாஸ்தா பொறுமையாகப் படித்தார்.

“வாசல் தெரியாம கட்டடத்தையே சுத்தி வந்தீங்களா சார்?”

“ரெண்டு சுத்து. பின் சீட்ல என் மனைவி, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு. எங்க பார்த்தாலும் ஒரே கண்ணாடி. எது சுவர், எது கதவுன்னு புரியல.”

“அப்புறம்?”

“அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருக்கக்கூடாதான்னு டாக்டர் கேட்டார்.”

குமாஸ்தா அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இது எட்டாவது புகார் சார். ஒரு அம்புக்குறி வெச்சா தீர்ந்துது. ஆனா கட்டடத்தை வரைஞ்சவர் சம்மதிக்கணும்னு ஒப்பந்தம். மூணு தடவை கேட்டாச்சு. மகான் என்ன எழுதியிருக்கார், கேளுங்க.” கோப்பைத் திறந்து வாசித்தார். “‘வாசல் என்பது தேடிக் கண்டடைய வேண்டிய அனுபவம். அம்புக்குறி வைத்தால் கட்டடம் தன் அர்த்தத்தை இழந்துவிடும்.’ உயிர் போற நேரத்துல அர்த்தத்தை வெச்சு நாக்கு வழிக்கவா சார்? அந்த ஆளு வீட்டுல ஒருத்தருக்கு வந்தாத்தான் தெரியும்.”

வந்தவர் கோப்பைத் தம் பக்கம் இழுத்தார். அந்தக் கடிதத்தின் அடியிலேயே, ‘அம்புக்குறி வைக்கலாம். பெரிதாகவே வையுங்கள்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“ஐயோ, அதுல நீங்க எழுதக்கூடாது சார்,” என்று பதறிப் பிடுங்கிய குமாஸ்தா தாளைப் பார்த்தார். மேலே ஒரு கையெழுத்து. கீழே ஈரம் காயாமல் இன்னொன்று. இரண்டும் ஒன்றேதான்.

குமாஸ்தா மெதுவாக எழுந்து நின்றார்.

“மன்னிச்சுக்குங்க சார். தெரியாம பேசிட்டேன்.”

“நீங்க எதுக்குங்க மன்னிப்புக் கேக்கறீங்க,” என்றார் அவர், தலை நிமிராமல்.