பின்சக்கரத்துக் குங்குமம்

"கையை எடுய்யா! குங்குமத்தையா தொடைக்கறே?"

டயர் ஏற்றி வந்த லாரியிலிருந்து குதிக்காத குறையாக இறங்கினார் நாராயணப்பன். ஓசூரில் சொந்தமாக பஸ் விடுகிற மனிதர். இருப்பது ஒரே ஒரு பஸ்தான். ஆனால் அவர் பேச்சைக் கேட்டால் ரயில்வேயே அவருடையதோ என்று தோன்றும். மூன்று நாளாக டயர் வாங்க பெங்களூரில் இருந்தவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஷெட்டுக்கு வந்திருந்தார்.

வலது பின்சக்கரத்தருகே குந்தியிருந்த மெக்கானிக் சவரியப்பன் பழந்துணியோடு எழுந்தார். தளிக்குப் புறப்பட வேண்டிய பஸ்ஸில் நாற்பது பேர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் கல்யாணக் கூட்டம்.

"இது குங்குமம் இல்லீங்க மொதலாளி. இரும்புத் தூளு. மூணு நாளா தொடைக்கறேன். காலையில தொடைச்சு விட்டா, மறுநாள் காலையில திரும்ப இருக்கு."

நாராயணப்பன் கடகடவென்று சிரித்தார்.

"ஏன் இருக்காது? ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு அழியக்கூடாதுன்னு என் வீட்டுக்காரி தினம் விடியறதுக்குள்ள குளிச்சிட்டு வந்து வைக்கறா. நீ தொடைக்கத் தொடைக்க அவ விடாம வைக்கறா. வைராக்கியத்துல அவளை ஜெயிக்க உன்னால ஆகுமா?"

ஜன்னலுக்கு வெளியே நாற்பது தலைகளும் நீண்டுவிட்டன. அவருக்கு அது போதாதா! அவர்கள் பக்கம் திரும்பி நெஞ்சை நிமிர்த்தினார்.

"என் வீட்டுக்காரி நாராயணம்மா கையால பொட்டு வச்ச வண்டிங்க இது! பதினோரு வருசம். ஒரு ஆடு அடிபட்டதில்ல!"

சவரியப்பன் குரலை உயர்த்தவில்லை. "நட்டுக்கு அடியில சக்கரம் அசையுதுங்க."

"நட்டு போட்டு இறுக்கின இடம்யா! அசையாத இடத்துல எப்படி இரும்பு தேயும்?"

"அசையலன்னு நாம நெனைக்கறோம். கண்ணுக்குத் தெரியாம மயிரிழை அசையுது. இரும்பும் இரும்பும் ஒண்ணை ஒண்ணு அரைச்சு, துருவாகி, செவப்பா வெளிய தள்ளுது. ரெண்டு நாளும் நட்டை இறுக்கித்தான் விட்டேன். இன்னைக்கும் வந்திருக்குன்னா உள்ளே சரியா உக்காரலன்னு அர்த்தம். போல்ட்டு அறுந்துச்சுன்னா தளி மேட்டுல சக்கரம் ஒரு பக்கம், சனம் ஒரு பக்கம். கழட்டிப் பாக்காம இந்த வண்டிய விடமாட்டேன்."

"இரும்பு தேஞ்சா மை மாதிரி கறுப்பாத்தான் வரும். எனக்கே பாடமா?"

நாராயணப்பன் சவரியப்பனின் இடுப்பிலிருந்து ஒரு ஸ்பேனரைப் பிடுங்கி நட்டில் மாட்டித் தொங்கினார். நட்டு அசையவில்லை. "பாரு, கல்லாட்டம் இருக்கு!" என்றவர், நட்டைச் சுற்றியிருந்த சிவப்பை விரலால் வழித்து, கண்ணை மூடி, நெற்றி நிறைய இட்டுக்கொண்டார்.

"உங்க சாமிக்கு ஆகாதுன்னா நீ வச்சுக்க வேண்டாம். அவ வச்சதை அழிக்க நீ யாரு?"

அது சவரியப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது. முகம் சிவந்துவிட்டது.

"சாமி சமாச்சாரம் இல்லீங்க இது. வண்டி கிளம்பறப்ப நானுந்தான் சிலுவை போட்டுக்கறேன். எட்டு வருசத்துல என் கையால விட்ட வண்டி வழியில நின்னதில்ல. இதை விட்டா நான் மெக்கானிக்கே இல்ல."

"அப்ப ஸ்பேனரை வச்சிட்டுக் கிளம்புய்யா. வேற ஆளு இல்லாமலா போயிடும்?"

சவரியப்பன் இடுப்பிலிருந்த மற்ற ஸ்பேனர்களையும் எடுத்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார்.

"போறேன் மொதலாளி. ஆனா வண்டி நகர்றதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க."

"என்னான்னு?"

"அதை நான் சொல்லக்கூடாதுங்க." அவர் தலை குனிந்துகொண்டார்.

"ஓ, பயமுறுத்தறியா? திம்மப்பா! போய் அம்மாவைக் கூட்டிட்டு வா. குங்குமச் சிமிழோட வரச் சொல்லு. இந்த ஆளு கண்ணு முன்னாடியே அவ திரும்பப் பொட்டு வைக்கட்டும்!"

டிரைவர் திம்மப்பன் ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த முதலாளி வீட்டுக்கு ஓடினார். சற்று நேரத்தில் நாராயணம்மா வந்தாள். வெறுங்கையோடு வந்தவள் ஷெட்டின் வாசலுக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"உள்ளே வா நாராயணம்மா!"

அவள் வரவில்லை.

"பாத்தியா சவரியப்பா? நீ தொடைச்ச கோபம். உள்ளேயே வரமாட்டேங்கறா. மானஸ்தி!" பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "நீயே சொல்லும்மா. இந்தச் சக்கரத்துக்கு இன்னைக்கு எத்தனை மணிக்குப் பொட்டு வச்சே?"

நாராயணம்மா பஸ்ஸைப் பார்த்தாள். தரையில் கிடந்த ஸ்பேனர்களைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நாற்பது பேர் இருக்கிறார்களே என்றும் பாராமல் வாயைத் திறந்தாள்.

"நான் தூரமாகி இன்னையோட மூணு நாளுங்க. சொந்த வீட்டுக்குள்ளயே போகாம எல்லாரும் பாக்க வாசத் திண்ணையில கிடக்கறவ, ஷெட்டுக்குள்ள வந்து எப்படிக் குங்குமம் வைப்பேன்? இதை சவரியண்ணன் வாயத் தொறந்து சொல்லுமா? அது போகட்டும், உங்க நெத்தியில என்ன அது, துருவாட்டம்?"

நாராயணப்பன் அதைத் துடைக்கவில்லை, குனிந்து ஸ்பேனர்களை அள்ளிச் சவரியப்பன் கையில் திணித்துவிட்டு, பஸ் படியில் ஏறி நின்று நெஞ்சை நிமிர்த்திக் கத்தினார்: "எல்லாரும் இறங்குங்க! என் மெக்கானிக் சொன்னா சொன்னதுதான்!"