மூடிக்கு மேல் ஒரு முழம்

பார்லிக் குதிருக்குள் ஹக்கீம் கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போயிற்று. அப்புறம்தான் ஜாடியின் மூடி விரலில் தட்டியது.

நேற்றும் முழங்கை. முந்தாநாளும் முழங்கை.

குறையவே இல்லை.

ஜாடிக்குள் இருப்பது பர்ஷாஷா. யவன வைத்தியர்கள் கூட்டி, அரபு ஹக்கீம்கள் எழுதி வைத்த மருந்து. மிளகு, குங்குமப்பூ, அபின், தேன். இடித்த அன்று அந்த வாசனைக்கே தெருக்கோடியில் இருமிக்கொண்டிருந்தவன் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டானாம். ஹக்கீம் சொன்னது. அவர் சொன்னால் பாதியைத் தள்ளிவிட வேண்டும். மீதிப் பாதியும் பொய்தான்.

ஒன்று மட்டும் பொய் இல்லை. ஆறு மாதம் பார்லிக்குள் புதைந்து கிடந்தால்தான் அது மருந்து. அதற்கு முன்னால் விஷம்.

மூடிக்கு மேல் ஒரு முழம் பார்லி நிற்க வேண்டும். குறைந்தால் சூடு போய்விடும். பழுக்காது.

அவர் மனைவி மைமூனுக்காகக் கூட்டியது. ஜாடியைப் புதைத்த அன்று அவள் கட்டிலில் படுத்தபடி கணக்குப் போட்டாள்.

“ஆஸ்பத்திரி டாக்டரு நோன்புப் பெருநாள் வரைக்கும்னாரு. உங்க மருந்து ஹஜ்ஜுப் பெருநாளுக்குல்லா கண்ணு முழிக்கும். யாரு பேச்ச நான் கேக்க, ஹக்கீம் சாயபே?”

“டாக்டருக்கு மீச மொளைக்கு முன்ன நான் நாடி பாத்தவன். எம் பேச்சக் கேளு.”

கேட்டாள்.

கேட்டதோடு, கஞ்சிக்கும் அந்தக் குதிர்ப் பார்லிதான் வேண்டும் என்றாள். மருந்தோடு படுத்துக் கிடந்த பார்லி, கொஞ்சமாவது குணம் ஒட்டியிருக்கும் என்றாள். தினம் இரண்டு கைப்பிடி. சில நாள் மூன்று.

மூடி மணிக்கட்டிலேயே தட்டும். அவர் கத்துவார். ஊரில் உள்ள குதிரையெல்லாம் சேர்ந்தாலும் இவ்வளவு தின்னாது என்பார். கத்திக்கொண்டே கடைக்குப் போவார். மூட்டையைத் தானே தோளில் தூக்கி வந்து கொட்டுவார். அறுபத்தெட்டு வயதில், விசில் அடித்துக்கொண்டு.

நோன்புப் பெருநாள் வந்தது. அவள் இருந்தாள்.

அவர் புதுச் சட்டையோடு எட்டுத் தெரு சுற்றினார். டாக்டர் தோற்றார், டாக்டர் தோற்றார் என்று பார்த்தவனிடமெல்லாம் சொன்னார். எட்டுத் தெருவும் போதாமல் பஸ் ஸ்டாண்டுக்கும் போனார்.

மறுநாள் அவள் கஞ்சி வேண்டாம் என்றாள்.

அதற்கு மறுநாள் அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இன்று மூன்றாம் நாள். கடைக்காரன் ஆள் அனுப்பி, மூட்டை எடுத்து வைக்கட்டுமா என்று விசாரித்திருந்தான்.

குதிருக்குள் இருந்த கையை அவர் உடனே எடுக்கவில்லை. பார்லி வெதுவெதுப்பாக இருந்தது.

எடுத்தபோது ஒரு பிடி அள்ளியிருந்தார். சட்டைப் பையில் போட்டார். இன்னொரு பிடி. பை புடைத்தது. மறு பையிலும் போட்டார்.

மறுபடி கையை விட்டுப் பார்த்தார். மூடி கொஞ்சம் மேலே வந்திருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளறைக்குக் கேட்கும்படி கத்தினார்.

“மைமூன், மறுபடியும் கொறஞ்சு கெடக்கு. இப்படித் தின்னா நான் எந்தக் கடைக்குத்தான் போவேன்?”

உள்ளே கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது.

சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.