சலூனில் கிழிந்த கதை

இப்போதெல்லாம் சவரம் செய்துகொண்டு பேசாமல் போகிறவன் ஒருவனும் இல்லை. எல்லாருக்கும் ஏதாவது குறை. சலூன்காரப் பெரியவர் இப்படிப் புலம்பிக்கொண்டே ஒருவருக்கு முகத்தில் நுரை தடவியபோது, பழைய வாரப் பத்திரிகையோடு ஓர் இளைஞன் வந்து நின்றான்.

"பெரியவரே, போன வருஷம் இங்க காத்திருந்தப்ப இதுல ஒரு கதை படிச்சேன். உங்க பிரதியில கடைசிப் பக்கம் இல்லை."

"நான்தான் கிழிச்சேன். கத்தியில இருக்கிற நுரையை எதுல வழிக்கிறது, உன் சட்டையிலயா? அதுக்கு இப்ப சண்டைக்கு வந்திருக்கியா?"

"இல்லைங்க. அன்னிக்கு இங்கேருந்து நேரா பாலத்துக்குப் போய்க் குதிக்கிறதா இருந்தேன். பாக்கிறவங்களுக்கு முகமாவது சுத்தமா இருக்கட்டுமேன்னுதான் சவரத்துக்கு வந்தேன்."

பெரியவர் நுரைப் பிரஷைக் கீழே வைத்தார்.

"கதையிலயும் ஒருத்தன் பாலத்து மேல நிக்கிறான். அவன் என்ன ஆனான்னு தெரியாம எனக்கு இருப்புக்கொள்ளலை. பழைய புத்தகக் கடையெல்லாம் அலைஞ்சேன். அதுல ஒரு கடையிலயே வேலையும் கிடைச்சுது."

"அப்ப எழுதினவனுக்குப் போய் மாலை போடு. என்னை விடு."

"நேத்துதான் முழு இதழ் கிடைச்சுது. கடைசிப் பக்கத்துல அவன் குதிச்சிடுறான், ஐயா. அன்னிக்கு அதைப் படிச்சிருந்தா நானும் போயிருப்பேன்."

பெரியவர் கத்தியை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார்.

"காகிதமாவது, காப்பாத்துறதாவது! உனக்கு உசிரு மேல ஆசை இருந்திருக்கு. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக் கதை மேல போடுற."

சொல்லிவிட்டு, கத்தியைக் கழுவப் பின்கட்டுக்கு நடந்தார்.