செத்தவன் தின்ற மொச்சை

"உசுரோட இருக்கிற பிள்ளைக்குக் கல்லறைக் கல்லா? உங்க பள்ளிக்கூடத்துக்கே கிறுக்குப் பிடிச்சுப்போச்சா, தம்பி?"

கிரேக்கர் ஊரான தாரஸின் சந்தையில் மீன்காரி மிக்கா மோவாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அதான்க்கா சட்டம். ஆசான் சொன்னது தப்புன்னு எவன் சொன்னாலும் அவன் செத்தவன். பேரை வெட்டிக் கல்லு நட்டுருவாங்க, அப்புறம் பள்ளியில யாரும் அவன்கூடப் பேச மாட்டாங்க" என்றான் நியார்கோஸ். "யாழ் நரம்புல ஒரு கல்லுக்குப் பதிலா ரெண்டு கல்லைத் தொங்கவிட்டா அதே சுரம் மேல் ஸ்தாயில கேக்கும்னார். வீட்டுல தொங்கவிட்டுப் பார்த்தேன். ரெண்டு பத்தலை, நாலு வேணும். சொல்லிட்டேன்."

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"முடியலையே! கல்லு கிடக்கட்டும்க்கா. நான் சொன்னது சரியா தப்பான்னு அவர் வாயால கேக்க முடியாமப் போச்சே, அதான் தாங்கலை."

ஆசான் டெமோபான் புது மாணவர்களுக்கு முதல் ஐந்து வருடம் திரைக்குப் பின்னால் இருந்துதான் பாடம் சொல்வார். மூன்று வருடம் படித்தும் நியார்கோஸுக்கு அவர் குரல்தான் தெரியும். முகம் தெரியாது.

ஊருக்கு வெளியே, ஒலிவ மரத்தடியில் நியார்கோஸ் தன் பேர் வெட்டிய கல்லின் மேலேயே ஏறி உட்கார்ந்து, அவித்த மொச்சைப் பொட்டலத்தைப் பிரித்தான். பள்ளியில் மொச்சையைத் தொடவே கூடாது. செத்தவனை யார் கேட்பது?

கூடப் படித்த இருவர் அந்த வழியாக வந்தார்கள்.

"டேய் கோரிஸ், மொச்சை வேணுமாடா?"

கோரிஸ் அவனுக்குப் பின்னால் இருந்த மரத்தைப் பார்த்தான். "இன்னைக்குக் காத்து பலமா இருக்கு, இல்ல?" என்று மற்றவனிடம் சொல்லிவிட்டு நடந்தான். மூக்கு மட்டும் மொச்சைப் பக்கம் திரும்பியது.

நியார்கோஸுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"அந்தக் காத்துக்கிட்ட எனக்கு ஒரு கை மொச்சை கிடைக்குமா?"

பக்கத்துக் கல்லில் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

அதே குரல்! மொச்சை கையிலிருந்து சிதறியது. "ஆசானே!"

"நாலுதான்டா. நானும் தொங்கவிட்டுப் பார்த்தேன். நேத்து சபையில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், பையன் சொன்னதுதான் சரி, தப்பு என்னோடதுன்னு."

நியார்கோஸ் துள்ளிக் குதித்தான். அடுத்த கணமே பதறினான். "ஐயோ, எந்திரிங்க! செத்தவன்கூடப் பேசுறதை யாராவது பார்த்தா உங்க கதி?"

"எவன் சொன்னாலும் செத்தவன்தான்னு சட்டம் போட்டதே நான்தானே" என்று மொச்சையை மென்றபடி கிழவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்திருந்த கல்லில் புதிதாக வெட்டியிருந்தது: டெமோபான்.