வாசலில் குறுக்கே ஒரு கார்

"அண்ணாச்சி, வண்டிய எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

நைட் டியூட்டி முடிந்து வந்த ரெபேக்கா வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே பரமசிவத்தின் வாசலில் நின்றாள். பக்கத்தில் மகள் ரூபி, முழங்காலில் கட்டோடு.

பரமசிவம் பேப்பரை மடித்தார். "எந்த வண்டிம்மா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. கிரவுண்டு வாசல்ல குறுக்கால கிடக்கே, உங்க ஓட்டைக் கார்! பிள்ளைகள் எல்லாம் ஒருக்களிச்சுத்தான் உள்ள போவுது. நேத்து இவ காலைப் பம்பர் கிழிச்சிட்டு."

"துருப்பிடிச்ச பம்பராச்சே. ஊசி போட்டாச்சா?"

"நான் நர்ஸு. ஊசிய நான் பாத்துக்கிடுவேன். நீங்க வண்டியப் பாருங்க."

"அது அங்கனதான் நிக்கும்."

கதவு சாத்திக்கொண்டது.

டெல்லி துவாரகாவில் பார்க்குக்கா பஞ்சம்? எல்லாவற்றிலும் புல், பெஞ்சு, 'பந்து விளையாடக் கூடாது' என்று ஒரு போர்டு. பார்க்கிங்கில் ஆடினால் கார்க் கண்ணாடிக்குப் பஞ்சாயத்து. மிச்சமிருந்தது அவர்களுடைய அடுக்குமாடி சொசைட்டிக்குப் பின்னால், மதில் மட்டும் எழுப்பிய காலி மனை. அதன் கேட் என்றைக்கோ களவு போயிருந்தது.

ரெபேக்கா கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. பந்து உருளாத இடத்தில் பிள்ளை வளர்க்க அவளுக்குத் தெரியாது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கல் பொறுக்கி, மேடு பள்ளம் நிரவி, சுண்ணாம்புக் கோடு போட்டு, மூங்கிலில் கோல் போஸ்ட் நட்டாள்.

மறுநாளே பரமசிவம் தன் ஓடாத காரை ஆள் வைத்துத் தள்ளிவந்து வாசலில் குறுக்கே போட்டார். நாலு டயரிலும் காற்றை வேறு பிடுங்கிவிட்டார். விமானப் படையில் இருந்து ரிட்டயர் ஆனவராம். புத்தியைப் பார்!

சொசைட்டி செயலாளர் சுஷ்மா ஜி விஷயத்தைக் கேட்டதும் துடித்துப்போனார்.

"அச்சா! குழந்தைகளுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன், ரெபேக்கா ஜி. அது வயதான வண்டி, சட்டப்படி டெல்லி ரோட்டில் நிற்கவே கூடாது. ஒரு போன் போதும்."

சனிக்கிழமை கிரேன் வந்தது. கார் அந்தரத்தில் தொங்கியபோது பிள்ளைகள் கைதட்டி விசிலடித்தார்கள். பால்கனியில் நின்று பார்த்த பரமசிவம் பேப்பரோடு உள்ளே போனார்.

ஞாயிறு காலை. பந்தோடு ஓடிய ரூபி, போனதைவிட வேகமாகத் திரும்பி வந்தாள்.

"மம்மி, ஜல்தி வாங்க!"

மைதானம் முழுக்கக் கார்கள். கோல் போஸ்ட் முறிந்து கிடந்தது. அந்த இடத்தில் பளபளவென்று ஒரு புதுக் கார். சுஷ்மா ஜியுடையது.

"பார்க்கிங் கஷ்டம் உங்களுக்குத் தெரியாதா?" சிரித்தார் சுஷ்மா. "குழந்தைகள் ஓரமாக ஆடட்டுமே. பந்து மட்டும் காரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

ரெபேக்கா மாடியேறினாள்.

"அண்ணாச்சி... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நீ இடத்தை நிரவுன அன்னைக்கு அந்தம்மா நின்னு பாத்துக்கிட்டிருந்தது. பிள்ளைகளப் பாக்கல தாயி, இடத்தைப் பாத்தது. கார் நுழையாம இருக்கத்தான் போட்டேன்னு நான் வெளிய சொன்னா, அந்த யோசனை இல்லாதவனுக்கும் வந்துரும்லா? திட்டுதானே, வாங்கிட்டுப் போவோம்னு இருந்தேன். அது போட்டும். பிள்ளைக்குக் கால் ஆறிட்டா?"

ரெபேக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். மைதானத்து நடுவில் நின்று விசிலை ஊதினாள்.

"எல்லாரும் வாங்க! இன்னைக்கு மேட்ச் உண்டு. பந்துக்குக் கண்ணு கிடையாது, கார்க்காரங்க பாத்துக்கிடட்டும்!"

ரூபி உதைத்த முதல் பந்தே சுஷ்மா ஜியின் கார் பானெட்டில் போய் 'டம்'மென்று விழுந்தது. இருட்டுவதற்குள் ஒவ்வொரு காராகக் கிளம்பியது. கடைசிக் கார் வெளியேறியதும் ரெபேக்கா இன்னும் வயதாகாத தன் காரைக் கொண்டுவந்து வாசலில் குறுக்கே நிறுத்தினாள். குனிந்து நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கினாள். பம்பரைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கனமாகக் கட்டுப் போட்டாள். இனி ஆஸ்பத்திரிக்கு மெட்ரோதான்.

அடுத்த வாரம் புதிதாகக் குடிவந்த மீனாக்ஷி, மகனைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். காரைப் பார்த்ததும் கொதித்துவிட்டாள்.

"யார் கார்ங்க இது? பிள்ளைங்க போற வழியில இப்படிப் போட்டிருக்காங்களே, மனசாட்சியே கிடையாதா? எடுக்கச் சொல்லக் கூடாதா?"

ரெபேக்கா பால்கனியை அண்ணாந்து பார்த்தாள். பரமசிவம் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அது அங்கனதான் நிக்கும்," என்றாள் ரெபேக்கா.